இருபத்தேழாம் நிழலி

செண்பகவல்லியின் வலது கால் ஜன்னலுக்கு உள்ளே இருந்தது. இடது கால் இன்னும் தாழ்வாரத்தில். முதுகில் மாட்டியிருந்த ஹாக்கி மட்டை திரைச்சீலையில் சிக்கி, உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் அடம்பிடித்தது.

“ஏட்டி, சீக்கிரம்!” கீழே காவல் நின்ற ரஹீமா பல்லைக் கடித்தாள். “சார் ஸ்டாஃப் ரூம்ல இருந்து கிளம்பிட்டாரு. கூட ஒரு மேடம் வாராவ.”

“எந்த மேடம்?”

“உன்னய செலக்ட் பண்ண வந்தவங்கதான். வேற எந்த மேடம் இந்த வெயில்ல கோவில்பட்டிக்கு வருவாவ?”

தாழ்வாரத்து நிழலில் படுத்திருந்த கல்லூரி நாய் ஒற்றைக் கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்தது. கழுத்தில் யாரோ கட்டிவிட்ட பழைய ஹாக்கி சாக்ஸ். பெயர் தாசில்தார். மைதானத்துப் பந்து அதன் பக்கம் வந்து விழுந்தால், ஓடிப்போய்க் கவ்வி எடுத்து வந்துவிடும். ஆனால் பிஸ்கட்டோ போண்டாவோ கைமாறாமல் காலடியில் வைக்காது. பெயர்க் காரணம் அதுதான்.

“குரைச்சிராத சாமி” என்று செண்பகம் அரை பிஸ்கட்டை எறிந்தாள். தாசில்தார் அதைப் பெற்றுக்கொண்டு, ஃபைலை மூடுவதுபோல் கண்ணை மூடிக்கொண்டது.

திரைச்சீலை கிழிந்தது. செண்பகம் உள்ளே விழுந்தாள்.

நிழலிக்கூடம் இளஞ்சூடாக இருந்தது. சுவரை அடைத்துக்கொண்டு நின்ற அடைகாக்கும் பெட்டியின் கண்ணாடித் தட்டுகளில் முதலாண்டு மாணவர்கள் நாற்பது பேரின் நிழலிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் சாம்பார்ப் பொடி டப்பா அளவு. மூடிக்குக் கீழே ரோஜா நிறத் திரவம். அதன் மேல் பாலாடைபோல் மெல்லிய படலம். அந்தப் படலம்தான் விஷயம். பிள்ளைகளின் ரத்தத்திலிருந்து ஒரு சொட்டு எடுத்து, அதை நரம்பணுவாக மாற்றி வளர்த்தது. கூடவே ஊசிமுனை அளவில் ஒரு கண், ஒரு காது, ஒரு மூக்கு. அடியில் ஒரு சின்ன விளக்கு. அமைதி என்றால் நீலம். ஆசைக்கு மஞ்சள், பயத்துக்குச் சிவப்பு, சந்தோஷத்துக்குப் பச்சை.

அணு உங்களுடையது. பழக்கம்? அதற்குத்தான் நாடிப்பட்டை. வகுப்பு நேரம் முழுக்க மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். நெஞ்சு எப்போது படபடக்கிறது, எப்போது வியர்க்கிறது, எதைக் கண்டால் துள்ளுகிறது, எதைக் கண்டால் சுருங்குகிறது என்று பட்டை பார்த்துப் பார்த்து நிழலிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நாடி வேகமா மெதுவா என்பது அதற்குப் பொருட்டல்ல. ஏற்ற இறக்கம் மட்டுமே கணக்கு. பருவம் முடிகிறபோது டப்பாவுக்குள் இருப்பது நீங்கள். ‘நடத்தை உயிரியல், முதல் தாள்’ என்பது எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் கட்டாயப் பாடமானது அதனால்தான். அதில் தேறினால்தான் நிழலிக்கு முத்திரை.

முத்திரை விழுந்த நிழலி இல்லாமல் இந்தக் காலத்தில் பஸ் பாஸ்கூட வாங்க முடியாது. நேர்முகத் தேர்வு என்ற சடங்கு ஒழிந்து வருடங்களாயிற்று. ‘நிழலியை அனுப்பு, ஆள் வர வேண்டாம்’ என்றுதான் கம்பெனிகள் கேட்கின்றன. ஜாதகக் கட்டை விடாத வீடுகளில்கூட, முதலில் பையன் டப்பாவையும் பெண் டப்பாவையும் ஒரே தட்டில் ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஜோசியருக்கு போன் போடுகிறார்கள்.

மாநில மகளிர் ஹாக்கி அணிக்கும் அதே கதைதான். மட்டையை நன்றாகப் பிடிக்கிறாயா என்று பார்ப்பதோடு தேர்வு முடிவதில்லை. உன் நிழலி அணியோடு ஒட்டுமா?

இதில்தான் செண்பகத்துக்குச் சிக்கல். அவளுடைய நிழலி பாதிதான் அவள்.

வகுப்பு பத்திலிருந்து பன்னிரண்டு. செயற்கைப்புல் மைதானம் பெண்களுக்குக் கிடைப்பதும் அதே பத்திலிருந்து பன்னிரண்டு. மற்ற நேரமெல்லாம் ஆண்கள் அணிக்கு. ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டியில் பிறந்த பெண் எதைத் தேர்ந்தெடுப்பாள்? பட்டையைக் கழற்றி ரஹீமா கையில் கொடுத்துவிட்டு மைதானத்துக்கு ஓடினாள். வகுப்பறை வாசலில் வருகையைப் பதிகிற வாசல்மானிக்கு வேண்டியது ஒரு பட்டையும் அதற்குள் துடிக்கிற உயிருள்ள நாடியும். அது யாருடைய நாடி என்று கேட்கிற அறிவு அதற்கு இல்லை. ப்ராக்ஸி என்ற கலை, நிழலி வந்தும் சாகவில்லை.

ஆனால் இன்று ஒப்பீட்டுத் தேர்வு. ஆளையும் நிழலியையும் எதிரெதிரே வைத்து ஒரே தூண்டலைக் கொடுப்பார்கள். இரண்டின் பொருத்தம் நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே போனால் வேறு யாரோ பட்டை கட்டியதாக அர்த்தம். மூன்று வருடத்துக்கு நிழலியே கிடையாது. இன்னும் கல்லூரியை விட்டுப் போகாத சுயம்புலிங்கம் தன் முதலாண்டில் இதே தாளில் நாற்பத்தொன்று வாங்கி, ப்ராக்ஸி வைத்தவன் என்று பெயரெடுத்து, தண்டனை முடிந்து இப்போதுதான் மறுபடி எழுதுகிறான்.

செண்பகத்தின் திட்டம் எளிமையானது. தேர்வுக்கு முன் ஐந்து நிமிடம் தன் நிழலியோடு தனியாக இருக்க வேண்டும். அதற்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அது மாதிரி நடித்துவிட வேண்டும்.

இருபத்தேழாம் எண் டப்பா முன் மண்டியிட்டாள். நீல விளக்கு சும்மா மினுங்கியது. விரலைச் சொடுக்கினாள். நீலம். ரஹீமா எப்போதும் முணுமுணுக்கிற பாட்டைத் தப்பும் தவறுமாக முணுமுணுத்தாள். நீலம். ரஹீமாவின் உயிரியல் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். நீலம்தான், கொஞ்சம் மங்கலாக.

அப்போது கேன்டீனில் பதினோரு மணி அடித்தது. எண்ணெய் வாசனை ஜன்னல் வழியாக வந்தது.

டப்பா பளீரென்று மஞ்சளாயிற்று.

செண்பகத்துக்குச் சிரிப்பு வந்தது. ரஹீமாவேதான்! தினமும் பதினோரு மணி இடைவேளையில் கேன்டீனில் இரண்டு போண்டா வாங்குகிறாள் என்பது கல்லூரிக்கே தெரியும். ‘இத்தனை ஒல்லியா இருந்துட்டு எங்கேட்டி போடுத?’ என்று செண்பகம் எத்தனையோ தரம் கேலி செய்திருக்கிறாள். ஆக, ரஹீமா மாதிரி இருந்தால் போதும். போண்டாவுக்கு ஆசைப்பட வேண்டும். பந்தைக் கண்டால் பயப்பட வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு ஹாக்கிப் பந்து மூக்குக் கண்ணாடியை உடைத்த நாளிலிருந்து, உருண்டையாக எது வந்தாலும் ரஹீமா கண்ணை மூடிக்கொள்வாள்.

“நல்ல பிள்ளை! கொஞ்சம் நகரு பாப்போம்” என்று வாசலில் பேராசிரியர் ஞானதிரவியத்தின் குரல் கேட்டது. டப்பாவுக்குள் பச்சையாக ஏதோ மின்னியது. அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. கதவு திறந்துகொண்டது.

ஞானதிரவியம் கிழிந்த திரைச்சீலையைப் பார்த்தார். ஹாக்கி மட்டையைப் பார்த்தார்.

“ஜன்னல் வழியாவா வந்தே?”

“கதவு பூட்டியிருந்துச்சு சார். என் நிழலிய பாக்கணும்னு ஒரு இது... ஒரு பாசம்...”

அவர் பின்னால் நின்ற பெண்மணியிடம் திரும்பினார். முகமெல்லாம் மகிழ்ச்சி. “பாத்தீங்களா மேடம்? கால் முதல்ல உள்ள வந்துட்டு. காரணம் இப்பத்தான் வருது. முதல் நாள் வகுப்புல இதைத்தான் சொன்னேன். மனுஷன் காரணம் சொல்லுத விலங்கு. செய்யுறது உடம்பு, அதுக்கு வக்கீல் வைக்கிறது மூளை.”

பெண்மணி சிரிக்கவில்லை. அவர் பெர்பெத்துவா, மாநில அணியின் தேர்வாளர். ஒரு காலத்தில் தூத்துக்குடியிலிருந்து போய் நாட்டுக்காகக் கோல் காத்தவர். இரண்டு முன்பற்களை அந்தக் காலத்திலேயே மைதானத்துக்குக் கொடுத்துவிட்டவர்.

“இவதானா? நேத்து கிரவுண்டுல பாத்தேன். ஓட்டம் நல்லா இருக்கு” என்றார். “டப்பா எப்படின்னு பாப்போம்.”

தேர்வு தொடங்கியது. செண்பகத்தை நாற்காலியில் உட்கார வைத்து மணிக்கட்டில் பட்டையைக் கட்டினார்கள்; அதிலும் நிழலியில் இருப்பதுபோல் ஒரு விளக்கு. பக்கத்தில் ஒரு தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் இருபத்தேழாம் நிழலி. அவளுக்கு அது தெரியாது. தன் பட்டையின் விளக்கு மட்டும் தெரியும். பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கு இரண்டும் தெரியும். முன்வரிசையில் ரஹீமா கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

செண்பகம் மனதுக்குள் மந்திரம்போல் சொல்லிக்கொண்டாள். நான் ரஹீமா. நான் ரஹீமா.

முதல் தூண்டல் ஒரு தட்டில் வந்தது. சுடச்சுட போண்டா.

நடிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. பதற்றத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவள் அவள். வாசனை மூக்கில் ஏறியதும் அவள் விளக்கு மஞ்சளாகிக் கண்ணைக் கூசியது. பெஞ்சுகளில் சிரிப்பு. சுவரில் எண் ஒளிர்ந்தது: தொண்ணூற்று நான்கு.

“யம்மா!” என்றது பின்வரிசை. முதலாண்டில் அதுவரை தேர்வு முடித்தவர்களில் அதிகபட்சமே எழுபத்தெட்டு.

செண்பகம் மூச்சு விட்டாள். திட்டம் பலிக்கிறது. இனி பயம்தான் பாக்கி. பேராசிரியர் மேசைக்கு அடியில் கையை விட்டபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, வரப்போவது பந்து. பயப்படு, என்று தனக்கே உத்தரவு போட்டாள். மூக்குக் கண்ணாடி உடைகிறது. கண்ணில் சில்லு. ரத்தம். பயப்படு!

பந்து உருண்டது.

உத்தரவு போட்ட மூளை நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க, உடம்பு எழுந்து பாய்ந்தது. அறை நடுவே பந்தைக் காலால் அழுத்திப் பிடித்தபடி நின்றபோதுதான், தான் எழுந்ததே அவளுக்குத் தெரிந்தது. விளக்கு மஞ்சளிலிருந்து பச்சைக்குத் தாவியிருந்தது. சிவப்பின் சுவடுகூட இல்லை.

போச்சு. எல்லாம் போச்சு. ரஹீமாவைப் பார்த்தாள். ரஹீமாவின் வாயிலிருந்து கைக்குட்டை விழுந்திருந்தது. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது செண்பகத்தை அல்ல; தட்டிக்கு அந்தப் பக்கம்.

சுவரில் தொண்ணூற்றாறு.

பெர்பெத்துவா முதல் தடவையாகக் குறிப்பேட்டுத் திரையிலிருந்து தலையைத் தூக்கினார். “அதுவும் பாஞ்சிருக்கு” என்றார் மெதுவாக. “பச்சைப் பசேல்னு.”

செண்பகத்துக்குக் கணக்கு உதைத்தது. ரஹீமாவிலிருந்து வந்த பாதி எப்படிப் பந்துக்குப் பாயும்?

கடைசித் தூண்டலுக்குப் பேர் ‘வெற்றறை’. எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். செண்பகமும் தட்டியும் மின்விசிறியும் மட்டும். பார்க்க ஒன்றுமில்லை, கேட்க ஒன்றுமில்லை. முதலில் சலிப்பு வந்தது. பிறகு, போனவர்கள் திரும்பியே வர மாட்டார்களோ என்று சின்னப் பிள்ளைத்தனமாக ஒரு கவலை வந்தது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. ஞானதிரவியம் உள்ளே வந்தார். வழக்கமான இரண்டு வார்த்தைகளைச் சொன்னார்.

“நல்ல பிள்ளை!”

ஏன் என்று அவளால் சொல்ல முடியாது. உச்சந்தலையிலிருந்து முதுகெலும்பு வரை சந்தோஷம் வழிந்தது. விளக்கு அந்தப் பருவத்திலேயே யாருக்கும் எரியாத பச்சையில் எரிந்தது. தட்டிக்கு மேலே கூரையில் அடித்த வெளிச்சத்திலிருந்து தெரிந்தது, அந்தப் பக்கமும் அதே பச்சை.

மொத்தம் தொண்ணூற்றைந்து. வகுப்பு விசிலடித்தது. ஞானதிரவியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு வேறு ஏதோ காரணமும் சொன்னார்.

பெர்பெத்துவா தன் பெட்டியைத் திறந்து, வெல்வெட்டில் பொதிந்த ஒரு நிழலியை எடுத்தார். மூடியில் தங்க முத்திரை. அதைக் கொண்டுபோய் இருபத்தேழாம் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் இரண்டும் தனித்தனியாக மினுங்கின. பிறகு, ஒரே பாட்டுக்குத் தாளம் போடுகிற இரண்டு கைகள்போல், சேர்ந்து மினுங்கத் தொடங்கின.

“அக்கா தங்கச்சிக்குக்கூட இப்படி ஒட்டாது” என்றார் தேர்வாளர். “இது யாரோடது தெரியுமா? நம்ம கேப்டன் ஜெசிந்தாவோடது.”

பின்வரிசை எழுந்து நின்று எட்டிப் பார்த்தது. ஜெசிந்தா இதே கல்லூரியில் படித்தவள். அவள் படம் பேருந்து நிலையத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கிறது.

“அவ வந்த வருஷத்துல இருந்து இதுதான் எங்களுக்கு அளவுகோல். இதோட எவ்வளவு ஒட்டுதோ அவ்வளவு மார்க். எங்களுக்கு மட்டுமில்லம்மா. இன்னைக்கு நர்ஸ் வேலைக்கு, தீயணைப்புக்கு, பஸ் டிரைவருக்கு, எதுக்கு ஆள் எடுத்தாலும் இந்த நிழலியோட நகலைத்தான் பக்கத்துல வச்சுப் பாக்காங்க. ஏன் தெரியுமா? பந்தை விடாம துரத்துவா. கிடைச்சா தனக்குன்னு வச்சுக்க மாட்டா, கொண்டுவந்து குடுத்துருவா. திட்டினா மனசுல வச்சுக்க மாட்டா. போனவங்க திரும்பி வந்தா சந்தோஷப்படுவா. ஒரு தட்டிக் குடுத்தா போதும், நாள் முழுக்க ஓடுவா. மனுஷங்ககிட்ட நாம இதைத்தானே தேடிக்கிட்டிருக்கோம்?”

செண்பகத்தின் தோளில் தட்டினார். “சென்னைக்கு வா. சட்டை தைக்க அளவு குடுத்துட்டுப் போ.”

* * *

கேன்டீனுக்குப் போகிற வேப்பமரப் பாதையில் செண்பகம் நடக்கவில்லை, மிதந்தாள். முத்திரை விழுந்த டப்பா கையில் இளஞ்சூடாக இருந்தது. மாநில அணி. பச்சைச் சட்டை. வீட்டில் அம்மாவுக்கு போன் போட்டதும், அம்மா அழுததும், பின்னணியில் அப்பா யாரிடமோ சத்தமாகப் பெருமை அடித்ததும் இன்னும் காதில் இருந்தது.

திடீரென்று ரஹீமாவைக் கட்டிப்பிடித்தாள். “கள்ளச் சிறுக்கி! பந்துன்னா பயம்னு ஊரையே ஏமாத்திட்டியேடி. உள்ளுக்குள்ள உனக்கு இவ்வளவு ஹாக்கி ஆசையா? உன் பாதியும் என் பாதியும் சேந்து இப்படி ஒட்டும்னு எனக்குத் தெரியாமப் போச்சே!”

ரஹீமா அவள் பிடியிலிருந்து விலகினாள். முக்காட்டின் நுனியை விரலில் சுற்றினாள்.

“என்னட்டி?”

“திட்டக் கூடாது.”

“இன்னைக்கு யாரையும் திட்ட மாட்டேன். சொல்லு.”

“நான் உன் பட்டைய ஒரு நாள்கூடக் கட்டலட்டி.”

செண்பகம் நின்றாள்.

“எப்படிக் கட்டுவேன்? ஒரு கையில என் பட்டை, மறு கையில உன் பட்டை. ரெண்டுலயும் ஒரே நாடி ஓடினா வாசல்மானி கத்திராதா? முதல் நாளே யோசிச்சேன். உன்கிட்டச் சொன்னா நீ பயந்து பிராக்டீஸ விட்டுருவே. அதான், ப்ராக்ஸின்னா யாரைப் பாக்கணுமோ அவனைப் பாத்தேன்.”

“யாரை?”

“சுயம்பு அண்ணனை. ஒரு வகுப்புக்கு ரெண்டு போண்டா.”

“அப்போ அந்த போண்டா...”

“நான் ஒண்ணுகூடத் தின்னதில்ல. எனக்கு எண்ணெய்ப் பலகாரமே ஆகாது.”

செண்பகம் டப்பாவைப் பார்த்தாள். நீலம். ஒன்றும் தெரியாததுபோல் மினுங்கியது. அப்படியானால் உள்ளே இருக்கிற மறுபாதி சுயம்புலிங்கமா? பந்தைப் பார்த்தால் கொட்டாவி விடுகிற சுயம்புலிங்கமா? ஒப்பீட்டுத் தேர்வில் நாற்பத்தொன்று வாங்கிய சுயம்புலிங்கமா?

கேன்டீன் பெஞ்சில் சுயம்பு காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முன்னால் தட்டு நிறைய பஜ்ஜி. முகத்தில் பிறந்தநாள் களை.

“வா கேப்டன்!” என்றான். “தொண்ணூத்தஞ்சாமே? எனக்கும் காலையில ரிப்பீட்டர் பேட்ச்ல முடிஞ்சுது. எண்பத்தொன்பது! எங்க அய்யா இப்பத்தான் வாழ்க்கையில முதல் தடவையா என்னய ‘தம்பி’ன்னு கூப்பிட்டாரு.”

“அண்ணே, உண்மையச் சொல்லுங்க” என்று செண்பகம் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். “என் பட்டைய நீங்கதான் கட்டிக்கிட்டு இருந்தீங்களா?”

சுயம்பு பஜ்ஜியைக் கடித்தான். யோசித்தான். “ஜெசிந்தாவ எடுத்துக்கோ” என்றான் சம்பந்தமில்லாமல்.

“கேப்டன் ஜெசிந்தா அக்காவா? அவங்களுக்கென்ன?”

“என் கிளாஸ்மேட்டு. முதல் வருஷம் உன்ன மாதிரியேதான், பத்து மணியானா பட்டையக் கழட்டி என் கையில குடுத்துட்டு கிரவுண்டுக்கு ஓடுவா. நம்ம தொழிலே அவளாலதான் ஆரம்பிச்சுது. அவ நிழலிதான் இன்னைக்கு ஸ்டேட்டுக்கே அளவுகோலாமே! கேள்விப்பட்டப்போ எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.”

ரஹீமா வாயைப் பொத்திக்கொண்டாள். செண்பகத்தின் மனதில் நர்சுகள் வந்தார்கள், தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள், ஸ்டியரிங் பிடித்த டிரைவர்கள் வந்தார்கள். எல்லோரும் எதனோடு ஒட்டிப் பார்க்கப்பட்டு வேலைக்கு வந்தார்களோ, அது...

“அப்போ அதுவும் நீங்களா?”

“நானா?” சுயம்பு சிரித்துப் புரையேறினான். “நல்லா கேட்ட போ. நான் எனக்கே ஒரே ஒரு வருஷம்தான் கட்டினேன். அதே முதல் வருஷம். ப்ராக்ஸி வச்சு ஃபெயிலானேன்னு ஊரெல்லாம் பேசுது, இல்ல? ஒரு வகுப்பு விடாம நானே வந்து, நானே கட்டி, நானே உக்காந்தேன். நாப்பத்தொண்ணு!”

“எப்படிண்ணே?”

“பட்டை கட்டினதும் முதுகு நிமிந்துருது. தூக்கம் வந்தா முழிச்சிருக்கிற மாதிரி, பசிச்சா பசிக்காத மாதிரி, பாடம் புரியலைன்னா புரிஞ்ச மாதிரி. மொத்தத்துல நான் நானா இருந்த நேரமே கிடையாது. டப்பா அந்த நடிப்பைக் கத்துக்கிச்சு. பரீட்சையில போண்டாவக் காட்டினதும் நான் நானாயிட்டேன். அது அங்க உக்காந்து, வேண்டாம்னு நடிச்சுக்கிட்டிருக்கு. அப்பத்தான் எனக்கு ஞானம் வந்துது. நடிக்கத் தெரியாத ஆள்கிட்ட குடுத்தாத்தான் பாஸாகும். ஜெசிந்தா பட்டைய ஏற்கெனவே அங்கதான் குடுத்துட்டிருந்தேன், அவ ஜம்முனு பாஸாயிட்டா. அதான் இந்தத் தடவை ரிப்பீட்டர்களோட சாயங்கால வகுப்புக்கு என்னுதையும் அங்கயே குடுத்துட்டேன்.”

“யாருண்ணே அது?”

பாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. பேராசிரியர் ஞானதிரவியம் டீ குடிக்க வந்துகொண்டிருந்தார். அவர்கள் பெஞ்சைக் கடக்கும்போது நின்றார். முகம் மலர்ந்தது.

“நல்ல பிள்ளை!” என்றார்.

செண்பகத்தின் உச்சந்தலையிலிருந்து முதுகெலும்பு வரை மறுபடியும் அதே சந்தோஷம் வழிந்தது. மணிக்கட்டில் கழற்ற மறந்திருந்த பட்டை பச்சையாயிற்று. கையிலிருந்த டப்பாவும் அதே நொடியில் பச்சையாயிற்று. முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து, “தேங்க்ஸ் சார்!” என்றாள்.

ஞானதிரவியம் அவளைப் பார்க்கவில்லை. குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்து அதைச் சொல்லிவிட்டு, டீ கவுன்டர் பக்கம் போய்விட்டார்.

பெஞ்சுக்கு அடியில் வால் ஒன்று தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

சுயம்பு ஒரு பஜ்ஜியைப் பிய்த்து நீட்டினான். வெளியே வந்த தலையைத் தடவிக்கொடுத்து, கழுத்தில் கட்டியிருந்த பழைய ஹாக்கி சாக்ஸை மெதுவாக அவிழ்த்தான். சாக்ஸுக்கு அடியில், ஒரு நாடிப்பட்டையின் அகலத்துக்குச் சரியாக, கழுத்தைச் சுற்றி வளையமாக முடி தேய்ந்து போயிருந்தது.

“ரெண்டு போண்டாவுல ஒண்ணுதான் எனக்கு” என்றான் சுயம்பு. “இன்னொண்ணு தாசில்தாருக்கு.”